பறவைக் காய்ச்சல்: நடந்த தேதிக்கும் சொன்ன தேதிக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி ஏன்?

இரண்டுபத்தி:
2005-லிருந்து ஒரு நோட்டில் பறவைக் காய்ச்சல் செய்திகளைக் குறித்து வருகிறேன். என் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஒரு கிறுக்கு, அவ்வளவுதான். பக்கத்துக்கு இரண்டு பத்தி. இடப்பக்கம் ‘நடந்தது’, வலப்பக்கம் ‘சொன்னது’.

தாய்லாந்தில் 2003 கடைசியிலேயே கோழிகள் கொத்துக்கொத்தாகச் செத்தன. கோழிக் காலரா என்றார்கள். ஒப்புக்கொண்டது 2004 ஜனவரி 23. இந்தோனேசியாவில் 2003 ஆகஸ்டில் சாகத் தொடங்கின. வாயைத் திறந்தது மறு ஜனவரியில். சீனா தன் முதல் மனித நோயாளியை 2005 நவம்பரில் அறிவித்தது. ஆனால் 2003 கடைசியில் பெய்ஜிங்கில் இறந்த 24 வயது இளைஞருக்கும் எச்5என்1 என்ற பறவைக் காய்ச்சல் வைரஸ்தான் என்று 2006 ஜூனில் சீன ஆய்வாளர்களே ஒரு மருத்துவ இதழுக்குக் கடிதம் எழுதினார்கள். முதலில் அதை சார்ஸ் என்று நினைத்திருந்தார்களாம்.

சரி, அதெல்லாம் பழைய கதை, நோய் பரவினால் உடனே சொல்லச் சொல்லும் புதிய சர்வதேச சுகாதார விதிகள் 2007-ல் வந்துவிட்டன என்று பார்த்தால், அமெரிக்க மாடுகள்! வைரஸ் 2023 கடைசியிலேயே மாட்டுக்குத் தாவியிருக்கும் என்று மரபணு ஆய்வு சொல்கிறது. அறிவிப்பு 2024 மார்ச் 25.

இது மறைப்பா, மெத்தனமா? வருகிற எண்ணிக்கை எதையாவது நம்பலாமா?

சும்மா_ஒருத்தன்:
எல்லாம் தடுப்பூசி விற்கிற வேலை சார். கோழியும் சாகவில்லை, மாடும் சாகவில்லை.

கொட்டகை_டாக்டர்:
மேலே எழுதிய தம்பி ஒருமுறை என்னோடு கொட்டகைக்குள் வந்திருக்க வேண்டும். ஐயாயிரம் கோழி இருக்கிற இடத்தில் காதைப் பிளக்கிற சத்தம் இருக்கும். அன்றைக்குக் கதவைத் திறந்தால் சத்தமே இல்லை. தீவனத் தட்டு நேற்று வைத்தபடி நிரம்பிக் கிடக்கிறது. கொண்டை நீலம் பாரித்து, தலை வீங்கி, மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. அதை இன்றும் மறக்க முடியவில்லை.

இரண்டுபத்தி, உங்கள் நோட்டில் 1997 ஹாங்காங் இருக்கிறதா? மே மாதம் மூன்று வயதுச் சிறுவன் இறந்தான். எச்5என்1 என்று தெரிந்தது ஆகஸ்டில். மூன்று மாத இடைவெளி, ஆனால் ஒளிக்கவில்லை. மனிதனுக்கு இந்த வைரஸ் வரும் என்று அதுவரை யாரும் நினைத்ததில்லை. மாதிரியை வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு அனுப்பித்தான் வகை பிரிக்க முடிந்தது. அந்த வருஷம் 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். தாய்லாந்துக் கோடும் இந்தக் கோடும் உங்கள் நோட்டில் ஒரே மாதிரி தெரியும். ஒன்று தெரிந்தும் சொல்லாதது, இன்னொன்று தெரியாமலே போனது.

நீங்கள் சொன்ன அமெரிக்க மாடுகள், அதாவது டெக்சாஸ், மூன்றாவது ரகம், யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கறவை குறைந்தது, பால் சீம்பால் மாதிரி மஞ்சளாகக் கெட்டிப்பட்டது, காய்ச்சாத பாலைக் குடித்த பண்ணைப் பூனைகள் செத்தன. மாட்டுக்குப் பறவைக் காய்ச்சலா என்று எந்த மருத்துவருக்குத் தோன்றும்? எனக்கும் தோன்றியிருக்காது. ஆனால் அதற்கப்புறம் நடந்ததற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஏப்ரல் கடைசியில் கடைகளில் விற்ற பாலைச் சோதித்தபோது ஐந்தில் ஒரு மாதிரியில் வைரஸின் துணுக்குகள் இருந்தன. (பதப்படுத்திய பால், உயிருள்ள வைரஸ் இல்லை.) அன்று உறுதியான பண்ணைகளோ நாற்பதைக்கூட எட்டவில்லை. நாடு முழுக்கப் பாலைச் சோதிக்கும் உத்தரவு டிசம்பரில்தான் வந்தது.

மறைப்பு என்றால் எல்லோரும் அமைச்சரைத்தான் பார்க்கிறோம். நான் பார்த்தவரை அது கொட்டகை வாசலில் தொடங்குகிறது. சொன்னால் மொத்தக் கோழியையும் அழிப்பார்கள், நஷ்டஈடு எப்போது வரும் என்று தெரியாது. சொல்லாவிட்டால் இன்று ராத்திரியே லாரியில் ஏற்றி விற்றுவிடலாம். முதல் நாள் நாலு செத்தால் ‘வெள்ளைக்கழிச்சலாக இருக்கும்’ என்று சொல்லிக்கொள்ள வசதியும் இருக்கிறது, பார்வைக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். நாட்டுக்கும் அதே கணக்கு. அறிவித்த மறுநாளே ஏற்றுமதி நிற்கும்.

எண்ணிக்கையை நம்பலாமா என்றால், அது நோயின் எண்ணிக்கை இல்லை, சோதனையின் எண்ணிக்கை. இது இரு பக்கமும் வெட்டும். 2003-லிருந்து உறுதியான மனித நோயாளிகளில் பாதிப்பேர் இறந்திருக்கிறார்கள். ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் மருத்துவமனையில் படுத்தவர்கள். அமெரிக்காவின் மிச்சிகன், கொலராடோ மாட்டுப் பண்ணைகளில் 115 தொழிலாளர்களின் ரத்தத்தைப் பார்த்தபோது 8 பேருக்கு எதிர்ப்பணுக்கள் (வைரஸ் வந்துபோன தடயம்) இருந்தன. அதில் 4 பேருக்குத் தங்களுக்கு உடம்பு சரியில்லாமல் போன நினைவே இல்லை.

சும்மா_ஒருத்தன்:
டாக்டர், மாடு விஷயம் தெரியாது எனக்கு. தடுப்பூசி விஷயத்தில் மாறமாட்டேன்.

இரண்டுபத்தி:
நன்றி டாக்டர். ஹாங்காங் என் நோட்டில் இல்லை, நான் தொடங்கியது 2005-ல். ராத்திரி உட்கார்ந்து ஸ்கேலை வைத்து மூன்றாவது பத்தி ஒன்று போட்டேன்: ‘யார் சோதித்தது, எத்தனை’. பழைய பக்கங்களில் முக்கால்வாசி காலியாக நிற்கிறது. ஒரு சந்தேகம்: அந்த அமைதியான கொட்டகையை நீங்கள் பார்த்த தேதியும், அறிவிப்பு வந்த தேதியும் என்ன? இடம் பெயர் வேண்டாம், இரண்டு தேதி போதும்.

கொட்டகை_டாக்டர்:
மாதிரி எடுத்தது செவ்வாய். அறிவித்தது பதினொரு நாள் கழித்து. நடுவில் ஐஸ் பெட்டி ஒரு அலுவலக வராந்தாவில் இரண்டு நாள் கிடந்தது. அதை எந்தப் பத்தியில் எழுதுவீர்கள்?