பறையோடு பத்துப் பாட்டு: சேர்ந்து வாசித்துப் பதிவு செய்வதா, தனித்தனியாகவா?

நாலுதந்தி (மதுரை) கேட்டது:

வணக்கம். மதுரையில் ஐந்து பேர் சேர்ந்து பேண்ட் நடத்துகிறோம். டிரம்ஸ், எலெக்ட்ரிக் கிட்டார், பேஸ், பறை, பாட்டுக்கு ஒரு பாடகி. பேஸ் வாசிப்பது நான். பாதிப் பாட்டுகளுக்கு வரிகளும் என்னுடையவை. முதல் ஆல்பத்தை வீட்டிலேயே லேப்டாப்பில் முடித்துவிட்டோம். இரண்டாவதுக்குப் பத்துப் பாட்டு கையில் இருக்கிறது. கல்லூரி விழா, திருவிழா மேடை என்று வந்த பணத்தில் ஒன்றரை லட்சம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். ஸ்டுடியோ, மிக்ஸிங், மாஸ்டரிங் எல்லாம் இதற்குள் முடிய வேண்டும்.

பயிற்சி, கிட்டார் வாசிப்பவன் வீட்டு மாடி அறையில். தகரக் கூரை. பக்கத்து வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படிப்பதால் ராத்திரியில் டிரம்ஸ் கிடையாது. முழுச் சத்தத்தில் வாசிப்பது ஞாயிறு மத்தியானம் மட்டும். பாட்டு பிடிபட்டுவிட்டால் அந்த வெயிலிலும் யாரும் எழுந்து போவதில்லை.

இப்போது என் குழப்பம். ஒரு ஸ்டுடியோவில் கேட்டபோது, "முதலில் க்ளிக் (ஹெட்போனில் வேகம் காட்டும் டிக் டிக் சத்தம்) வைத்து டிரம்ஸ், அதற்கு மேல் பேஸ், அப்புறம் கிட்டார், கடைசியில் பறை, எல்லாம் தனித்தனியாக எடுத்துவிடலாம், அதுதான் சுத்தமாக வரும்" என்றார்கள். ஒரு பாட்டை அப்படியே எடுத்தும் பார்த்தோம். அது என் அம்மா சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போட்ட காலத்தைப் பற்றிய பாட்டு. முடிச்சுப் போடும் விரலின் வேகத்தில்தான் தொடங்கும். கடைசிச் சரணத்தில் பறை அண்ணன் கொஞ்சம் முந்துவார், நாங்கள் நான்கு பேரும் அவரைப் பிடிக்க ஓடுவோம். மேடையில் ஜனங்கள் எழுந்து நிற்பது அந்த இடத்தில்தான். பதிவில் எல்லா வாத்தியமும் சரியாக இருக்கிறது, அந்த ஓட்டம் மட்டும் இல்லை. அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "நான் யார் கூட வாசிக்கிறேன்னே தெரியலப்பா" என்றார்.

சேர்ந்தே வாசித்து எடுக்க முடியுமா? பறைச் சத்தம் மற்ற மைக்கில் எல்லாம் புகுந்துவிடாதா? க்ளிக் வேண்டுமா, வேண்டாமா? ஸ்டுடியோவுக்குப் போகும் முன் பயிற்சியில் எதை முடித்திருக்க வேண்டும்? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கன்சோல் அக்கா (சென்னை) பதில்:

தம்பி, சேர்ந்தே வாசியுங்கள். நான் சென்னையில் பல வருடமாகப் பேண்டுகளைப் பதிவு செய்கிறேன். தனித்தனியாக எடுப்பது ஒரு நல்ல முறைதான், ஆனால் அது எல்லாப் பாட்டுக்கும் பொருந்தாது. ஒருவர் முந்துவதும் மற்றவர்கள் துரத்துவதும்தான் உங்கள் பாட்டின் உயிர் என்றால், அந்த ஐந்து பேரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வாசித்தால்தான் அது டேப்பில் ஏறும். எந்த எடிட்டிங்காலும் அதை அப்புறம் கொண்டுவர முடியாது.

பணம் குறைவாக இருப்பவர்களுக்கு இதுவே சிக்கனமும்கூட. பீட்டில்ஸ் முதல் ஆல்பத்துக்கான பத்துப் பாட்டை 1963 பிப்ரவரி 11 அன்று, லண்டன் இஎம்ஐ ஸ்டுடியோவில் ஒரே நாளில் வாசித்து முடித்தார்கள். ஹாம்பர்க், லிவர்பூல் கிளப்புகளில் இரவிரவாக வாசித்துப் பழகியிருந்ததால்தான் அது முடிந்தது. அதில் கவனிக்க வேண்டிய இன்னொன்று: லெனனுக்கு அன்று ஜலதோஷம். தொண்டையைக் கிழிக்கிற பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொண்டார்கள். உங்கள் பாடகியின் கடினமான பாட்டு எது என்று இப்போதே முடிவு செய்து, அதை அந்த நாளின் கடைசியில் போடுங்கள்.

பயிற்சியைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். ஞாயிறு மத்தியானம் வாசிப்பதை ஒரு போனில் பதிவு செய்யுங்கள். போனை அறையின் நடுவில் வைக்காமல், கதவுக்கு வெளியே படிக்கட்டில் வையுங்கள். உள்ளே எல்லாமே சத்தமாகத்தான் கேட்கும். வெளியில் எது மிதந்து வருகிறதோ அதுதான் பாட்டு. அங்கே பேஸும் பறையும் ஒன்றாகக் கலந்து ஒரே இரைச்சலாகக் கேட்டால், மைக்கில் அதற்கு வைத்தியம் இல்லை. பேஸில் எந்தச் சுரத்தை விட வேண்டும், எங்கே சும்மா இருக்க வேண்டும் என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும். பறை ஓங்கி அடிக்கும் இடத்தில் டிரம்ஸின் கிக்கும் சேர்ந்து விழுகிறதா, தள்ளி விழுகிறதா என்று இரண்டு பேரையும் மட்டும் உட்கார வைத்து, பாட்டே இல்லாமல் வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஸ்டுடியோவில் மணிக்கணக்குப் போவது இந்த ஒரு விஷயத்தில்தான். பாடகிக்கு எந்தச் சுருதி என்பதை நின்றுகொண்டு முழுக் குரலில் பாட வைத்து முடிவு செய்யுங்கள். உட்கார்ந்து மெதுவாகப் பாடிப் பார்த்து வைத்த சுருதி மைக் முன்னால் நிற்காது.

க்ளிக் விஷயம். பத்துக்கும் ஒரே விதி வேண்டாம். நிதானமாக ஒரே தாளத்தில் போகிற பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், எடிட் செய்ய வசதி. அம்மா பாட்டுக்கு ஆரம்பத்தில் இரண்டு சுற்று மட்டும் க்ளிக் ஓடட்டும், பாட்டு தொடங்கியதும் நிறுத்திவிடச் சொல்லுங்கள். இன்னொரு வழி, நீங்கள் வாசித்ததற்கு ஏற்ப வேகம் மாறுகிற மாதிரி கம்ப்யூட்டரில் டெம்போ மேப் போட்டுக்கொள்வது. பின்னால் கீபோர்டு ஏதாவது சேர்க்க நினைத்தால் அது கைகொடுக்கும்.

சத்தம் புகுவதைப் பற்றி. பேஸை நேராக டிஐ பாக்ஸில் (வாத்தியத்தின் சிக்னலை வயர் வழியாகவே பதிவுக்கு அனுப்பும் பெட்டி) செருகினால் அதற்கு மைக்கே வேண்டாம். கிட்டார் ஆம்ப்பைப் பக்கத்து அறையிலோ நடையிலோ வைத்துக் கதவைச் சாத்திவிட்டு, வாசிப்பவர் நீள வயரோடு டிரம்ஸ் பக்கத்தில் நிற்கலாம். பறையை மட்டும் பாடுவதற்கான சின்ன அறைக்குள் (வோக்கல் பூத்) அடைக்காதீர்கள். அந்தச் சத்தத்துக்கு இடம் வேண்டும், சின்ன அறையில் பானைக்குள் அடித்த மாதிரி கேட்கும். பெரிய ஹாலில் டிரம்ஸுக்கு எதிரே ஒரு பத்துப் பன்னிரண்டு அடி தள்ளி நிறுத்துங்கள். இடையில் இடுப்பு உயரத்துக்கு மெத்தையோ தடுப்போ வைத்தால் கண் பார்க்கும், சத்தம் கொஞ்சம் அடங்கும். சத்தம் ஓர் அடியைக் கடக்கக் கிட்டத்தட்ட ஒரு மில்லிசெகண்ட் ஆகும். ஆகவே பறை, டிரம்ஸுக்கு மேலே வைக்கும் ஓவர்ஹெட் மைக்கில் பத்துப் பன்னிரண்டு மில்லிசெகண்ட் பிந்தி விழும். அது கெடுதல் இல்லை, ஹாலின் ஆழமாகவே கேட்கும். ஒரே நிபந்தனை: ஹாலுக்குள் இருக்கும் பறையோ டிரம்ஸோ தப்பினால் அந்த ஒருவரை மட்டும் மாற்ற முடியாது, எல்லோரும் மறுபடி வாசிக்க வேண்டும். அதனால்தான் பயிற்சி, பயிற்சி என்கிறேன்.

யார் எங்கே நிற்கிறார் என்பதே பாதி மிக்ஸிங். கனடாவின் கவ்பாய் ஜங்கீஸ் 1987 நவம்பரில் டொராண்டோ சர்ச் ஒன்றில் ஒரே மைக்கைச் சுற்றி நின்று ஒரு ஆல்பத்தை எடுத்தார்கள். யார் சத்தம் கூடுகிறதோ அவரைத் தள்ளி நிறுத்தினார்கள். நீங்கள் ஒரு மைக்கில் எடுக்க வேண்டியதில்லை, ஆனால் அந்தப் பார்வை உங்களுக்கு உதவும்.

பறைக்கு மைக்கை ஒட்டி வைக்காமல் மூன்றடி தள்ளி வையுங்கள். பின்பக்கமும் ஒரு மைக் வைத்தால், ஒன்றின் ஃபேஸை (ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தை) கன்சோலில் திருப்பிப் போட்டு எதில் அடிச்சத்தம் கனமாக வருகிறது என்று கேட்டு முடிவு செய்யுங்கள்.

கடைசியாக ஹார்ட் டிஸ்க். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு டிராக் நிமிடத்துக்கு 8.64 எம்பி. பதினாறு டிராக், ஐந்து நிமிடப் பாட்டு என்றால் ஒரு டேக்குக்கே (பாட்டை ஒரு முறை வாசித்த பதிவு) ஏறக்குறைய 690 எம்பி. பாட்டுக்கு நான்கு டேக் எடுத்தால் பத்துப் பாட்டுக்கு 28 ஜிபி வரும். அன்றன்று இரவே இரண்டு டிஸ்க்கில் காப்பி எடுத்து, ஒன்றை வேறு வீட்டில் வையுங்கள்.

அடிக்குச்சி (திண்டுக்கல்) பதில்:

தோழர், நான் பறை வாசிப்பவன். அக்கா சொன்னது எல்லாம் சரி, வாசிப்பவன் பக்கத்திலிருந்து கொஞ்சம் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் வைத்திருப்பது தோல் பறையா, ஃபைபரா? தோல் என்றால் அது இறுகும்படி தீயில் காய்ச்ச இடம் இருக்கிறதா என்று ஸ்டுடியோ எடுக்கும் முன்பே கேளுங்கள். உள்ளே தீ மூட்ட விடமாட்டார்கள். வெளியே கொல்லையில் வைக்கோலோ காகிதமோ எரித்துக் காய்ச்ச ஒரு மூலை வேண்டும். இரண்டு பறை கொண்டுபோங்கள். ஒன்று உள்ளே ஒலிக்கும்போது இன்னொன்றை வெளியே ஒருவர் காய்ச்சிக்கொண்டிருக்கட்டும். தீயிலிருந்து எடுத்த உடனே வருகிற "கண்" என்ற நாதம், வாசிக்க வாசிக்க இறங்கும். முதல் டேக்கில் ஒரு சுருதி, நான்காவது டேக்கில் வேறு சுருதி என்றால் இரண்டையும் வெட்டி ஒட்ட முடியாது. ஒவ்வொரு டேக்குக்கும் முன் தட்டிப் பார்த்து, முதல் டேக்கின் நாதத்துக்குக் கொண்டுவந்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தேதி வைக்காதீர்கள், தோல் தொய்ந்து போகும். மாசி, பங்குனி நல்லது.

குச்சியும் முக்கியம். சிம்புக்குச்சி மெல்லிசாக நீளமாக இருப்பதால் அதன் சத்தம் மைக்கில் சுருக்சுருக்கென்று ஏறும். இரண்டு மூன்று கனத்தில் கொண்டுபோய் மைக் வழியாகக் கேட்டுப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

க்ளிக் அவருக்குப் பிடிக்காமல் போனதற்கு ஒரு காரணம் இருக்கலாம். நம் அடி பெரும்பாலும் ஆறு ஆறாகப் போகும். க்ளிக்கை அந்த ஆறுக்கும் டிக் டிக் என்று வைத்தால் காதைக் கொத்தும். சுற்றுக்கு இரண்டே தட்டு, அதுவும் கைத்தட்டல் சத்தமாக வைக்கச் சொல்லுங்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் போடட்டும். மறு காது டிரம்ஸ்காரருக்கு.

2018 ஜனவரியில் சென்னை கீழ்ப்பாக்கத்தில் காஸ்ட்லெஸ் கலெக்டிவ் என்ற பேண்ட் மேடையேறியபோது பறையும் கிட்டாரும் சமமாக நின்றதை நாங்கள் பெருமையாகப் பார்த்தோம். உங்கள் ஆல்பத்திலும் அண்ணன் பெயர் மற்ற நால்வர் பெயரோடு அதே வரிசையில் வர வேண்டும். "தாளவாத்தியம்" என்று பொதுவாகப் போட்டுவிடாதீர்கள்.

பாதி வக்கீல் பாதி கிட்டார் (கோவை) பதில்:

பதிவுக்கு முன் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்: எந்தப் பாட்டில் யார் வரி, யார் மெட்டு, யாருக்கு எத்தனை சதவீதம். நம் பதிப்புரிமைச் சட்டப்படி வரிக்கும் மெட்டுக்கும் உரிமை எழுதியவர் ஆயுள் முழுக்கவும், அதன் பிறகு 60 ஆண்டும். ஒலிப்பதிவு தனி உரிமை, வெளியானதிலிருந்து 60 ஆண்டு. அது பதிவுக்கு முன்கை எடுத்துப் பொறுப்பேற்கும் தயாரிப்பாளருக்குப் போகும். ஸ்டுடியோ யாராவது சலுகை விலையில் எடுத்துத் தருகிறேன் என்றால், தயாரிப்பாளர் பேண்டுதான் என்று எழுத்தில் வாங்குங்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு வரி எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டிப் பங்கை வாரிசுக்கோ பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க முடியாது. வரி எழுதியவரும் மெட்டுப் போட்டவரும் ஐபிஆர்எஸ் என்ற பதிப்புரிமைச் சங்கத்தில் உறுப்பினராகிவிடுங்கள். கூட வாசிக்க வருகிறவர்களுக்கும் கலைஞர் உரிமை உண்டு, அவர்களிடமும் எழுதி வாங்குங்கள்.

நாலுதந்தி:

எல்லோருக்கும் நன்றி. அண்ணனிடம் இதையெல்லாம் படித்துக் காட்டினேன். அவருடையது தோல் பறைதான். சுற்றுக்கு இரண்டு தட்டு என்றதும், "இத முன்னாடியே சொல்லியிருந்தா நான் ஏன் கழட்டப்போறேன்" என்றார். போன ஞாயிறு போனைப் படிக்கட்டில் வைத்துப் பதிவு செய்தோம். பேஸும் பறையும் அடித்துக்கொள்வது நன்றாகவே கேட்டது. இரண்டு பாட்டில் நான் சரணம் முழுக்க வாசிப்பதை நிறுத்திவிட்டேன், பாட்டு திறந்துவிட்டது. மாசியில் தேதி பார்க்கிறோம். பிரிப்புத் தாளும் எழுதியாயிற்று, அம்மா பாட்டின் மெட்டில் அண்ணனுக்கும் பங்கு வைத்திருக்கிறோம்.

அக்கா, ஒரே ஒரு சந்தேகம். பாடகியும் எங்களோடு அதே ஹாலில் நின்று பாட ஆசைப்படுகிறாள். முடியுமா?

கன்சோல் அக்கா:

வாசிக்கும்போது வழிகாட்டக் கைடு குரல் கட்டாயம் வேண்டும், ஆனால் ஹாலுக்குள் வேண்டாம். டிரம்ஸ் மைக்கில் அவள் குரல் ஒட்டிக்கொண்டால், பின்னால் வேறு மாதிரி பாடும்போது பழைய குரல் பேய் மாதிரி கேட்கும். கண்ணாடி இருக்கும் பூத்தில் நிற்கட்டும், எல்லோரையும் பார்க்கட்டும். அங்கேயும் நல்ல மைக்கையே வைக்கச் சொல்லுங்கள். அம்மா பாட்டை அவள் அந்த ஓட்டத்தோடு சேர்ந்து பாடியதே ஆல்பத்தில் போகலாம்.