ராக்கெட் தானா வந்து நேரா நிக்குதே, அந்தக் கணக்கை யாராவது புரியும்படி சொல்லுங்களேன்

வள்ளியூர்_டீச்சர்:
எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூர் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில கணக்கு எடுக்கேன். பக்கத்துல மகேந்திரகிரி மலையில இஸ்ரோக்காரங்க ராக்கெட் இஞ்சின் டெஸ்ட் பண்ணுதாகன்னு பிள்ளைகளுக்குத் தெரியும், அதனால ராக்கெட்னு சொன்னாலே வகுப்பு நிமிந்து உக்காரும். போன வாரம் ஸ்பேஸ்எக்ஸ் கம்பெனியோட ஃபால்கன் 9 ராக்கெட்டோட கீழ்ப்பாகம் திரும்பி வந்து இறங்குற வீடியோவைப் போட்டுக் காமிச்சேன். ஏழாப்புப் பையன் ஒருத்தன் எந்திச்சு, "டீச்சர், இதைக் கீழ இருந்து ரிமோட்ல ஓட்டுதாகளா, இல்ல அதுக்கே தெரியுமா"ன்னு கேட்டான். இன்னொரு பிள்ளை, "தரைகிட்ட வந்து அந்தரத்துல நின்னு பைய இறங்கலாம்லா, எதுக்கு இவ்ளோ வேகமா வந்து கடைசில பிரேக் போடுது"ன்னு கேக்கா. அல்காரிதம்னு ஒத்தை வார்த்தையில சொல்லி உக்கார வைக்க எனக்கு மனசு வரல. அது உள்ள என்ன பண்ணுதுன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பாளை_கண்ட்ரோல்ஸ்:
டீச்சர், ரிமோட் கிடையாது, எல்லாம் ராக்கெட்டுக்குள்ள இருக்குற கம்ப்யூட்டர்தான். ரெண்டாவது கேள்வியை முதல்ல எடுத்துக்கிடுதேன், அதுதான் விசயத்தோட ஆணிவேர். அந்தரத்துல நிக்க அதால முடியாது. இறங்கும்போது டேங்க் கிட்டத்தட்ட காலி, ஒம்பது இஞ்சின்ல கடைசியா ஒண்ணைத்தான் எரிப்பாங்க, அந்த ஒண்ணை எவ்ளோ கொறச்சு வச்சாலும் அது தள்ளுற விசை காலி ராக்கெட்டோட எடையைவிட ஜாஸ்தி. நின்னா அடுத்த நொடி மேல கிளம்பிரும். அதனால உயரம் சைபர் ஆகுற அதே நேரத்துல வேகமும் சைபர் ஆகணும், வேற வழியில்ல.

போர்டுல போட ஒரு கணக்கு தாரேன், நம்பரெல்லாம் நானா எடுத்துக்கிட்டது. வேகம் நொடிக்கு 250 மீட்டர், பிரேக் நொடிக்கு 20 மீட்டர் வீதம் வேகத்தைக் கொறைக்குதுன்னு வைங்க. நிக்க 12.5 நொடி, 1562.5 மீட்டர் வேணும். அரை நொடி பிந்திப் பத்த வச்சா 125 மீட்டர் பத்தாம போயிரும், தரையைத் தொடும்போது இன்னும் மணிக்கு 250 கிலோமீட்டர் வேகம் மிச்சம் இருக்கும். அரை நொடி முந்திட்டா 125 மீட்டர் உயரத்துலயே நின்னுரும், அப்புறம் மேல ஏறும். பிள்ளைகளையே போடச் சொல்லுங்க, அவங்களுக்கே பக்குனு இருக்கும்.

இப்ப அல்காரிதம். நான் எங்க இருக்கேன், என்ன வேகம், எம்புட்டு சாஞ்சிருக்கேன்னு ஜிபிஎஸ், ஜைரோ (சாய்வை, சுத்தலை அளக்குற கருவி), ரேடார் எல்லாத்தையும் சேத்து ஒரு கணிப்பு. அங்கன இருந்து மேடை வரைக்கும் மிச்சமிருக்கிற எரிபொருளுக்குள்ள போய்ச்சேர ஒரு பாதை. மனப்பாடம் பண்ணுன பாதை இல்ல, காத்து தள்ளி விட்டா தள்ளுன இடத்துல இருந்தே புதுசாப் பாதை போட்டுக்கிடும், அதுவும் ஒரு நொடிக்குள்ள. அந்த வேகத்துல விடை வருதே, அதுக்குப் பின்னால இருக்கிற கணக்கு எனக்கு ரொம்பப் பிடிச்ச ஒண்ணு.

இஞ்சினைச் சாய்க்கலாம், ஆனா விசை ஒரு அளவுக்கு மேலயும் போகாது, கீழயும் போகாது. நடுவுல இருந்து எந்தப் பக்கம்ங்கிறது விசையோட திசை, எவ்ளோ தூரம்ங்கிறது விசையோட அளவுன்னு படமா வரைஞ்சா நம்ம உளுந்தவடை. நடு ஓட்டை இஞ்சினால குடுக்க முடியாத சின்ன விசை. ஓட்டை இருந்தா கணக்கு முரண்டு பிடிக்கும், ஏன்னா வடையில இந்தப் பக்கம் ஒரு புள்ளி அந்தப் பக்கம் ஒரு புள்ளி வச்சுக் கோடு போட்டா கோடு ஓட்டை வழியா போவுது. ஓட்டை இல்லாம குவிவா இருந்தா கிண்ணத்துல கோலிகுண்டு விட்ட மாதிரி, எங்க விட்டாலும் ஒரே அடிமட்டத்துக்கு வந்து நிக்கும். செவ்வாய்ல இறங்குறதுக்காக பெஹ்செத் அச்சிக்மெஷேயும் ஸ்காட் ப்ளோயனும் 2007ல இதுக்கு வழி கண்டுபிடிச்சாங்க. விசையோட அளவைத் தனி எண்ணா எடுத்து அதுக்கு ஒரு உயரம் குடுத்தாங்க, வடை இப்ப ஆணிமுனையை வெட்டுன பம்பரம் ஆயிட்டு, ஓட்டையைக் காணோம். பம்பரத்துக்கு உள்ள இஞ்சினால முடியாத விடையும் கெடக்கு, ஆனா எரிபொருள் கம்மியாச் செலவாகுற விடை எப்பவும் பம்பரத்தோட பக்கவாட்டுத் தோல்லதான் வந்து உக்காரும், தோல்ல இருக்கிறதெல்லாம் நிஜ இஞ்சினால முடிஞ்சதுதான்னு நிரூபிச்சுட்டாங்க. அவங்களோட வேலை பாத்த லார்ஸ் பிளாக்மோர்தான் பிறகு ஸ்பேஸ்எக்ஸ்ல இறங்குற வேலையை முன்ன நின்னு செஞ்சவர். 2015 டிசம்பர்ல ஃபால்கன் 9 முதல் தடவை தரையில நேரா நின்னுச்சு.

காவல்கிணறு_காத்தாடி:
அண்ணாச்சி சொன்னது பாதை போடுறது, போட்ட பாதையில ஓட்டுறது வேற சோலி, அங்கதான் அடி விழும். நான் கரண்ட் எடுக்குற காத்தாடியில 11 வருசமா வேலை பாக்கேன். ஒரு ஆடிக்காத்துல ஒரு மெஷின்ல இறக்கையைத் திருப்புற ஹைட்ராலிக் வால்வு சொன்னதுக்குக் கொஞ்சம் பிந்தி அசைஞ்சுது. இன்னும் திரும்பலியேன்னு கண்ட்ரோலர் கூடத் தள்ளும், அதுக்குள்ள பழைய ஆர்டரும் வந்து சேந்துரும், இறக்கை தேவைக்கு மேல திரும்பிரும், உடனே எதிர்ப்பக்கம் இழுக்கும், பேனல்ல பாத்தா கோடு ரம்பப்பல்லு மாதிரி ஏறி இறங்குது. கழட்டிப் பாத்தா உள்ள ஆயில் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டிக் கெடந்துச்சு. சாஃப்ட்வேர்ல ஒரு தப்பும் இல்ல. 2015 ஏப்ரல்ல ஃபால்கன் கடல் மேடையில இறங்கி சாஞ்சு விழுந்துச்சே, அதுவும் இதே கததான், இஞ்சின் விசையைக் கூட்டிக் கொறைக்கிற வால்வு சொன்ன நேரத்துக்கு அசையல. பிள்ளைகளுக்கு உள்ளங்கையில விளக்குமாத்தை நிப்பாட்டிக் காமிங்க டீச்சர், அப்புறம் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டித் திறந்து நிப்பாட்டச் சொல்லுங்க, பிந்துனா என்ன ஆகும்னு அவங்களுக்கே புரியும்.

வள்ளியூர்_டீச்சர்:
வடையும் பம்பரமும் நாளைக்கே போர்டுல வந்துரும், ரொம்ப நன்றி. ஒண்ணு மட்டும், இடையில ஏதாவது பழுதாச்சுன்னா ஆள் இருக்கிற பக்கம் விழாதா?

பாளை_கண்ட்ரோல்ஸ்:
அதையும் யோசிச்சு வச்சிருக்காங்க. தரையில இறங்குற பயணத்துல குறியைக் கடல்லதான் வச்சிருப்பாங்க, எல்லாம் சரியா இருந்தாத்தான் கடைசியில மேடைப் பக்கம் நகத்தும். 2018 டிசம்பர் 5ல கிரிட் ஃபின்னுக்கான (காத்துல ராக்கெட்டைத் திருப்புற வலை மாதிரி இறக்கை) ஹைட்ராலிக் பம்பு நின்னு போய் ராக்கெட் கிறுகிறுன்னு சுத்திச்சு, ஆனா கரைக்கு வரவே இல்ல, சுத்தலை அடக்கிக் கடல்ல பைய இறங்கி மிதந்துச்சு. அந்த வீடியோவையும் அவசியம் காமிங்க.

பணகுடி_பெரியவர்:
நம்ம மலையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கம்மா. இறங்கணும்னா இஞ்சினை அணைச்சுத் திரும்பப் பத்த வைக்கணும், விசையைக் கொறைக்கவும் தெரியணும். 2023 ஜனவரியில மகேந்திரகிரியில இஸ்ரோவோட விகாஸ் இஞ்சினை 67 சதவீத விசைக்குக் கொறச்சு 43 நொடி ஓட்டுனாக. 2025 ஜனவரியில 60 நொடி எரிச்சு, அணைச்சு, 120 நொடி கழிச்சுத் திரும்பப் பத்த வச்சு 7 நொடி ஓட்டிப் பாத்தாக. உங்க வகுப்புல இருந்து பஸ் ஏறுனா ஒரு மணி நேரம்கூட ஆகாது அந்த மலையடிவாரத்துக்கு.