டே கேருக்குத் தமிழில் என்ன? வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும்

கீழ்ப்பாக்கத்திலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஒரு மருத்துவமனை நோயாளிகளுக்குக் கொடுக்கும் கையேட்டைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். உள்நோயாளி, புறநோயாளி இரண்டும் ஊரறிந்த சொற்கள். இரண்டுக்கும் நடுவில் ஒருவர் இருக்கிறாரே, அவர்தான் சிக்கல். காலையில் வந்து, கட்டிலில் படுத்து, மயக்க மருந்து வாங்கி, குடலிறக்கத்தைச் சரிசெய்துகொண்டு, மாலையில் வீட்டுக்குப் போய்விடுகிறார். டே கேர் என்கிறார்கள். 'பகல்நேரப் பராமரிப்பு' என்று போட்டேன். படித்துப் பார்த்த வரவேற்பறைப் பெண், "இங்கே பிள்ளைகளையும் விட்டுட்டுப் போகலாமா சார்?" என்று கேட்டார். நல்ல சொல் தாருங்கள்.

மயிலாப்பூரிலிருந்து, திங்கள் இரவு

தம்பிக்கு. புறநோயாளியே ஒழுங்கான சொல் இல்லை. அதில் 'புறம்' நோயோடு சேருகிறதா, ஆளோடு சேருகிறதா? புறநோய் + ஆளி என்று பிரித்தால் சொறி சிரங்கு உள்ளவர். உள்நோய் + ஆளி என்றால் வயிற்றில் கட்டி உள்ளவர். நாற்பது வருடம் தமிழ் நடத்தியவன், ஓ.பி. சீட்டு வாங்க வரிசையில் நிற்கும்போதெல்லாம் இது உறுத்தும். சரி, அது கிடக்கட்டும். உங்கள் சொல் சங்க இலக்கியத்தில் காத்திருக்கிறது. அல்குதல் என்றால் தங்குதல். அல்கல் என்றால் இரவு. தங்குவதும் இரவும் ஒரே சொல்லில்! ஆகவே 'அல்கா மருத்துவம்', அதாவது இரவு தங்காத மருத்துவம். பொய்யாமொழி போல ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், இலக்கணச் சுத்தம். எல் என்றால் பகல், எல்லி என்றால் இரவு, இது எப்படி ஆயிற்று என்பது தனிக்கதை. நாளை எழுதுகிறேன்.

தாம்பரத்திலிருந்து, செவ்வாய்

ஐயா, மன்னிக்கணும். அல்கா யார், புதுசா வந்த டாக்டரம்மாவா என்றுதான் கேட்பார்கள். நான் வார்டில் செவிலியராக இருந்தவள். என் பாட்டிக்குக் கண்புரை எடுத்தபோது இரண்டு கண்ணையும் கட்டி, தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து, அசையக் கூடாது என்று நாள்கணக்கில் கிடத்தியிருந்தார்கள். இப்போது சின்ன வெட்டு, மீயொலியால் புரையை உடைத்து உறிஞ்சிவிடுகிறார்கள், பெரும்பாலும் தையல்கூடக் கிடையாது. கையேட்டைப் படிப்பவருக்கு ஒன்றுதான் தெரிய வேண்டும்: இன்றைக்கு வீட்டுக்குப் போகலாமா? 'அன்றே வீடு திரும்பும் சிகிச்சை' என்று போடுங்கள். நீளம்தான், ஆனால் யாரும் திரும்ப வந்து அர்த்தம் கேட்கமாட்டார்கள்.

வளசரவாக்கத்திலிருந்து, செவ்வாய்

இலங்கையில் நாங்கள் வெளிநோயாளர் பிரிவு என்போம், வார்டை விடுதி என்போம், அறுவை சிகிச்சையைச் சத்திரசிகிச்சை என்போம். இங்கே வந்த புதிதில் அம்மாவுக்குச் சத்திரசிகிச்சை என்று சொன்னேன். பக்கத்து வீட்டு அக்கா, "எந்தச் சத்திரத்தில்?" என்றார். எது தூய சொல், எது விளங்கும் சொல் என்பது கடலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதையும் பொறுத்தது.

இடையில் யாரோ ஆங்கிலத்து 'ஆம்புலேட்டரி'யை அப்படியே பெயர்த்து 'நடமாடும் மருத்துவம்' என்று எனக்குத் தனி மடலில் சொல்லியிருக்கிறார்கள். அதை வைத்தால் தெருமுனைக்கு வேன் வரும் என்று ஜனங்கள் காத்திருப்பார்கள்.

அண்ணாநகரிலிருந்து, புதன்

நான் மருத்துவக் காப்பீட்டு முகவர், தமிழ்ப் புலமை கிடையாது. ஆனால் இரவு, பகல், அன்றே, மூன்றுமே ஆகாது. காப்பீட்டு வரையறை மணிக்கணக்கு. பொது மயக்க மருந்தோ இட மயக்க மருந்தோ கொடுத்துச் செய்வதாக இருக்க வேண்டும். முன்பு 24 மணி நேரத்துக்கு மேல் தங்க வேண்டியிருந்து, நுட்பம் வளர்ந்ததால் இப்போது அதற்குள் முடிவதாக இருக்க வேண்டும். இரவு எட்டு மணிக்குச் சேர்ந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினாலும் டே கேர்தான். தயவுசெய்து புறநோயாளி என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். புறநோயாளிச் சிகிச்சை இதில் சேராது என்று அந்த வரையறையிலேயே இருக்கிறது. ஒரு வாடிக்கையாளரின் சீட்டில் அந்த ஒரு சொல் விழுந்துவிட்டு, பணம் வாங்குவதற்குள் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். 'குறுந்தங்கல் சிகிச்சை' எப்படி?

மயிலாப்பூரிலிருந்து, புதன்

குறுந்தங்கல்! பரவாயில்லையே, புலமை கிடையாது என்கிறீர்கள். ஆனால் சிவகாசிக்காரர்கள் திருத்தங்கலுக்குப் பக்கத்து ஊர் என்று நினைத்துக்கொள்வார்கள். அல்கா மருத்துவத்தை நான் விடவில்லை.

சேத்துப்பட்டிலிருந்து, புதன் இரவு

கொஞ்சம் விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக் கட்டிலிலிருந்து வீட்டுக்கு என்ற மாற்றத்தை உலகத்துக்குக் காட்டிய இடங்களில் எங்கள் சேத்துப்பட்டும் ஒன்று. 1956இல் இங்கே காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கினார்கள். காசநோயாளிகளில் ஒரு பாதியைச் சானடோரியத்தில், அதாவது காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனையில், வைத்தும், மறுபாதியை அவரவர் வீட்டிலேயே விட்டும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கு நெரிசல், சத்துக் குறைந்த சாப்பாடு. அப்படியும் குணமானதில் பெரிய வித்தியாசம் இல்லை என்று 1959இல் வெளியிட்டார்கள். அதற்குப் பிறகு சானடோரியங்களுக்கு வேலை குறைந்தது. தாம்பரத்து அம்மாவுக்குத் 'தாம்பரம் சானடோரியம்' என்ற ரயில் நிலையப் பெயரில் அந்தச் சொல் மிச்சம் இருக்கிறது.

சொல்ல வந்தது வேறு. உள், புறம் இரண்டையும் நாம் மருத்துவமனைச் சுவரில் நின்றுகொண்டு அளக்கிறோம். தன் வீட்டில் தன் பாயில் படுத்திருப்பவர் எதற்குப் புறம்? வள்ளுவர் மருந்தை நான்காகச் சொல்கிறார்: உற்றவன் (நோயாளி), தீர்ப்பான் (மருத்துவர்), மருந்து, உழைச்செல்வான் (பக்கத்தில் இருந்து கவனிப்பவர்). கட்டடம் அந்தக் கணக்கில் இல்லை. அன்றே அனுப்பிவிட்டால் உழைச்செல்வான் வேலை செவிலியரிடமிருந்து மருமகள் தலைக்கோ மகன் தலைக்கோ மாறுகிறது. நீங்கள் தேடுகிற சொல்லில் அது வர வேண்டாமா?

மயிலாப்பூரிலிருந்து, அரைமணி கழித்து

ஆகா! அப்படியானால் வீட்டில் இருப்பவரே அகநோயாளி. மருத்துவமனையில் கிடப்பவர் புறநோயாளி. திணையும் சரியாக வருகிறது.

தாம்பரத்திலிருந்து, வியாழன் காலை

ஐயா, காலைத் தொட்டுக் கேட்கிறேன், வேண்டாம். யாராவது ஆளை மாற்றி அறுவை அரங்கில் படுக்க வைத்துவிடுவார்கள்.

கீழ்ப்பாக்கத்திலிருந்து, வியாழன் இரவு

அச்சகத்திலிருந்து இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார்கள். தலைப்பில் 'டே கேர் சிகிச்சை', அடியில் '24 மணி நேரத்துக்குள் வீடு திரும்பும் சிகிச்சை' என்று முடித்துவிட்டேன். தாம்பரம், அண்ணாநகர், வளசரவாக்கம் மூவரும் சரி என்றார்கள். குறுந்தங்கல் கலைச்சொல் பட்டியலில் இருக்கட்டும், அடுத்த பதிப்பில் பார்ப்போம். சேத்துப்பட்டு ஐயா சொன்னதற்குச் சொல் கிடைக்கவில்லை. ஆனால் 'கூட இருப்பவர் கவனத்துக்கு' என்று ஒரு பக்கம் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன். அனைவருக்கும் நன்றி.

மயிலாப்பூரிலிருந்து, வியாழன் நள்ளிரவு

உடன்பாடு இல்லை என்பதைப் பதிவு செய்கிறேன். டே கேரைத் தலையில் தூக்கி வைத்தாயிற்று. போகட்டும், அந்த 24ஐயாவது ௨௪ என்று அச்சிடுவீர்களா? எல்லி பற்றிய மடல் நாளை வரும்.