உதவி: துளிரே வரவில்லை, என்ன உரம் போடலாம்?

பெரம்பூர்_மாடி:
வணக்கம். மொட்டை மாடியில் வைத்த செடி மூன்று மாதமாக மொட்டையாகவே நிற்கிறது. மண்புழு உரம், பஞ்சகவ்யம், மீன் அமிலம் எல்லாம் கொடுத்தாகிவிட்டது. வேறு என்ன உரம் போடலாம்? கொஞ்சம் அவசரம், 1,200 ரூபாய் செடி.

கீரைக்காரி:
என்ன செடி என்று சொல்லவே இல்லையே சார்.

நெல்லி:
தொட்டியா, பையா? வெயில் எத்தனை மணி நேரம்? எப்போது வைத்தீர்கள்?

தென்னைநார்:
கோகோபீட்டை, அதாவது தென்னை நார்த்தூளை, அலசாமல் போட்டிருப்பீர்கள். உப்புதான் காரணம். எந்தச் செடியானாலும் சரி, மூன்று முறை அலசுங்கள்.

மண்வெட்டி:
உலகத்தில் ‘செடி’ என்று ஒரே ஒரு செடிதான் இருக்கிறது போல. கேள்வி கேட்கக் கற்றுக்கொண்டு அப்புறம் தோட்டம் போடலாம்.

பெரம்பூர்_மாடி:
மன்னிக்கவும். ஆப்பிள். ஆன்லைனில் வாங்கியது. 18 அங்குலத் தொட்டி, நல்ல வெயில். வரும்போதே இலை இல்லை. ஆப்பிளுக்குக் குளிர் வேண்டும் என்று படித்ததால் தினமும் காலையில் தூரில் ஒரு தட்டு ஐஸ் கட்டி கொட்டுகிறேன்.

கீரைக்காரி:
ஐஸ் கட்டியா!

மண்வெட்டி:
தம்பி, குளிரைக் கணக்கு வைப்பது மொட்டு, வேர் இல்லை. இது காலுக்குக் குல்லா மாட்டுகிற வேலை. மலை ஆப்பிள் ரகங்களுக்கு 7 டிகிரிக்குக் கீழே ஆயிரம் மணி நேரம் வரைகூட வேண்டும். சென்னையில் மார்கழி விடியலே 20 டிகிரியை ஒட்டித்தான். பேசாமல் பப்பாளி வையுங்கள்.

மலைத்தோட்டம்:
ரகம் என்ன? எங்கிருந்து, எந்த மாதம் வந்தது?

பெரம்பூர்_மாடி:
அன்னா. இமாச்சல். நவம்பர் கடைசி.

மலைத்தோட்டம்:
சிக்கல் அந்த நவம்பரில்தான். அன்னா இஸ்ரேலில் உருவான ரகம், 300 மணி நேரக் குளிரே அதற்குத் தாராளம். ஆனால் நவம்பரில் அங்கே அப்போதுதான் இலை கொட்டி, மொட்டு ஆழ்ந்த உறக்கத்துக்குப் போயிருக்கும். குளிரை வாங்கும் முன்பே பிடுங்கி அனுப்பிவிட்டார்கள். அதே செடி ஜனவரிக் கடைசியில் வந்திருந்தால், அங்கேயே குளிரை முடித்துக்கொண்டு இங்கே சூடு பட்டதும் துளிர்த்திருக்கும்.

குளிர் போதவில்லை என்றால் உடனே செத்துவிடாது. நாள் கடத்தும். நுனியில் ஒன்றிரண்டு விரியும், கீழே இருப்பவை தூங்கும். நகத்தால் பட்டையை லேசாகக் கீறிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. உரத்தை நிறுத்துங்கள். இலை இல்லாத செடி தண்ணீர் அதிகம் குடிக்காது, வேர்தான் அழுகும். தண்டு ஒடியாமல் வளையும் என்றால் சாய்த்துக் கட்டுங்கள், நடு மொட்டுகளும் விழிக்கும்.

இலை வந்துவிட்டால் அடுத்த முறை தூங்கவே விடாதீர்கள். ஜாவாவில் மலாங் பக்கத்து மலைகளில் அறுவடை முடிந்ததும் ஆப்பிள் இலையைக் கையால் உருவிவிடுகிறார்கள். மொட்டு ஆழ்ந்து தூங்குமுன் எழுப்பிவிடுகிற உத்தி.

கம்பம்காரன்:
திராட்சையில் கவாத்து முடிந்ததும் மொட்டு விழிக்க ஹைட்ரஜன் சயனமைடு என்ற மருந்தைத் தடவுவார்களே, அதைப் பூசினால்?

மலைத்தோட்டம்:
வேண்டவே வேண்டாம் அண்ணா. கடும் நஞ்சு. அதைக் கையாண்ட பிறகு மது குடித்தால் ஆளையே படுக்கவைத்துவிடும். வீட்டு மாடிக்கு ஆகாது.

நெல்லி:
எங்கள் பங்கனபள்ளி தை முடிந்தும் பூக்கவில்லை. அதுவும் குளிர் போதாமல்தானா?

மண்வெட்டி:
மாமரம் இலையுதிர் மரமா என்ன? மழை நின்று வேர் காய்ந்தால் பூக்கும். அவ்வளவுதான்.

கம்பம்காரன்:
வேர் காய்வது மட்டும் போதாது சார், இரவுக் குளிரும் சேர வேண்டும்.

மண்வெட்டி:
நான் 22 வருடமாக மா வளர்க்கிறேன்.

கம்பம்காரன்:
மாமரம் உங்கள் சர்வீஸைப் பார்த்தா பூக்கிறது?

மலைத்தோட்டம்:
இரண்டும் உதவும். கொம்பும் முற்றியிருக்க வேண்டும். நெல்லி அக்கா, மார்கழியில் தண்ணீர் ஊற்றினீர்களா?

நெல்லி:
தினமும். பாவம், காய்கிறதே என்று.

கம்பம்காரன்:
பூவுக்குப் பதில் கொழுந்துதான் வந்திருக்கும்.

நெல்லி:
ஆமாம், செக்கச்செவேல் என்று.

(ஐந்து வாரம் கழித்து)

பெரம்பூர்_மாடி:
கீறினேன், பச்சை. ஐஸை நிறுத்திவிட்டேன். நேற்று இரண்டு துளிர்! அனைவருக்கும் நன்றி.

மலைத்தோட்டம்:
ஒட்டுக்கு மேலேயா, கீழேயா?

பெரம்பூர்_மாடி:
ஒட்டு எங்கே இருக்கும்?

மலைத்தோட்டம்:
தூருக்குச் சற்று மேலே முடிச்சு மாதிரி புடைத்திருக்கும். அதற்குக் கீழே வந்தால் அன்னா இல்லை, அதை ஒட்டவைத்த வேர்ச்செடியின் துளிர், கிள்ளிவிடுங்கள்.

பெரம்பூர்_மாடி:
நுனியில் ஒன்று, முடிச்சுக்குக் கீழே ஒன்று. கீழே இருப்பதுதான் கொழுகொழுவென்று இருக்கிறது. மனசு வரவில்லை.

தென்னைநார்:
கோகோபீட்டை அலசினீர்களா?