மறு: ஒரே கைப்பேசி, பல தளங்கள் – ‘பன்முனை நேரலை’ எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை முதலிலிருந்து வாசித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். இங்கே மொரிசியசில் கோயில் இளைஞர்களுக்காக நேரலைக் கையேடு ஒன்றைத் தமிழில் தயாரித்து வருகிறேன். ஒரே கைப்பேசியிலிருந்து பேஸ்புக், யூடியூப் போன்ற பல தளங்களுக்கு ஒரே நேரத்தில் நேரலை அனுப்புவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதுதான் இழையின் கேள்வி. இந்தச் சொல் முடிவாகாமல் கையேட்டில் ஒரு பக்கம்கூட நகரவில்லை. அதனால் மடல் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தேவை எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். தைப்பூசக் காவடி இங்கே அரசு விடுமுறை நாள். ஒரே குடும்பத்தின் ஆட்கள் ரெயூனியனில், பாரிசில், மெல்பர்னில் என்று சிதறிக் கிடக்கிறார்கள். காலை 9 மணிக்குக் காவடி கிளம்பினால் பாரிசில் அப்போது 6 மணி, தென்னாப்பிரிக்காவின் தர்பனில் 7, சென்னையில் 10.30, மெல்பர்னில் மாலை 4. பெரியம்மாக்கள் பேஸ்புக்கை விட்டு வரமாட்டார்கள். பிள்ளைகள் டிக்டாக்கில் இருக்கிறார்கள். பதிவு நிலைத்து நிற்க வேண்டும் என்று கோயில் நிர்வாகம் யூடியூப் கேட்கிறது. முன்பெல்லாம் மூன்று பேர் ஆளுக்கொரு கைப்பேசியோடு ஊர்வலத்துக்கு முன்னால் பின்பக்கமாக நடப்பார்கள். காவடி தூக்கி வருகிறவருக்கு வழிவிடத் தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொள்வார்கள். இப்போது ஒரு பெண், ஒரு கைப்பேசி, இடுப்பில் ஒரு பவர் பேங்க். மூன்று தளங்களுக்கும் படம் போகிறது. அந்தப் பெண் செய்கிற வேலைக்குத்தான் பெயர் தேடுகிறோம்.

இனி வந்த பரிந்துரைகள்.

> பல்தள நேரலை

கோவை ஐயா சொன்னது. பொருள் சரி, புழக்கத்திலும் ஓரளவு இருக்கிறது. பல் + துளி ‘பஃறுளி’ ஆனதுபோல இதுவும் ‘பஃறளம்’ ஆக வேண்டாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். அந்தப் புணர்ச்சியை இன்று யாரும் எழுதப்போவதில்லை. அதற்காக ஒரு சொல்லைத் தள்ளவும் வேண்டாம். என் தயக்கம் ‘தளம்’ மேல்தான். இணையதளம், இயங்குதளம், படப்பிடிப்புத் தளம், மொட்டைமாடிக்குக் கீழ்த்தளம் என்று அந்தச் சொல் ஏற்கெனவே பெரும் பாரம் சுமக்கிறது. வகுப்பில் ‘பல்தள நேரலை’ என்று பலகையில் எழுதியதும் ஒரு மாணவர், ஆற்றங்கரை, தெரு, கோயில் என மூன்று இடங்களிலிருந்து படம் காட்டுவது என்று விளக்கம் சொன்னார். அவர் அப்படி எடுத்துக்கொண்டதில் தவறே இல்லை.

> உடனிகழ் நேரலை

அழகான சொல். ஆனால் நடப்பு அப்படி இல்லை. ஒவ்வொரு தளமும் வந்த படத்தைத் தன் போக்கில் வேறு வேறு தரங்களுக்கு மாற்றி, சிறு துண்டுகளாக்கி அனுப்புகிறது. ஒன்றில் சில விநாடித் தாமதம், இன்னொன்றில் அரை நிமிடம்கூட ஆகும். பேஸ்புக்கில் ‘அரோகரா’ வந்து குவிந்த பிறகுதான் யூடியூப்காரர்களுக்கு அந்தக் காட்சியே வருகிறது. அனுப்புவது ஒரே நேரம், சேர்வது வேறு வேறு நேரம். சேரும் இடத்தில் பொய்யாகிப் போகிற சொல் வேண்டாம்.

> இணை நேரலை

இதை வேறொன்றுக்குப் பத்திரமாக வைத்துக்கொள்வோம். இன்ஸ்டாகிராமில் இரண்டு பேர் ஒரே திரையில் சேர்ந்து பேசுவதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் அமையாது.

> அஞ்சல் நேரலை

சிங்கப்பூர் அம்மாவின் பரிந்துரை. இதைத் தள்ள மனம் வரவில்லை. டெல்லிச் செய்தியை மற்ற வானொலி நிலையங்கள் ‘அஞ்சல்’ செய்த மரபு நம்மில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வாங்கி அப்படியே மறுபடி விடுவது என்ற பொருளுக்கு ஏற்கெனவே தமிழில் வேரூன்றிய சொல் அதுதான். ஆனால் இந்தத் துறையில் அடுத்த அடியே ‘அஞ்சல் வழங்கி’ (வழங்கி என்றால் சர்வர்) என்று எழுத வேண்டிவரும். கணினி தெரிந்தவர் எவரும் அதை மின்னஞ்சல் வழங்கி என்றுதான் வாசிப்பார். நுட்பக் கையேட்டில் இந்தக் குழப்பத்தை அனுமதிக்க முடியாது.

இழையில் யாரும் தொடாத ஒன்றுக்கு வருகிறேன். எனக்கு இதுதான் முக்கியம். படம் எந்த இடத்தில் பலவாகப் பிரிகிறது?

இரண்டு வழி உண்டு. லாரிக்ஸ் பிராட்காஸ்டர் போன்ற செயலியில் பல முகவரிகளைக் கொடுத்தால் கைப்பேசியே ஒவ்வொரு தளத்துக்கும் தனித்தனியாக அனுப்பும். ரீஸ்ட்ரீம், ஸ்ட்ரீம்யார்ட் போன்ற சேவைகளில் கைப்பேசி ஒரே ஒரு முறை அனுப்பும். நடுவில் இருக்கிற வழங்கி அதை வாங்கிப் பல தளங்களுக்கும் பிரித்துவிடும். இரண்டிலும் பெரும்பாலும் ஓடுவது, நேரலைப் படத்தை இணையத்தில் அனுப்புவதற்கான பழைய ஆர்டிஎம்பி (RTMP) நெறிமுறைதான். மேக்ரோமீடியா நிறுவனம், உலாவியில் படம் ஓட்டிய தன் பிளாஷ் மென்பொருளுக்காக உருவாக்கியது. 2005இல் அந்த நிறுவனத்தை அடோபி வாங்கியது. 2020 இறுதியில் பிளாஷுக்கு ஆதரவு முடிந்துபோனது. நெறிமுறை மட்டும் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கிறது.

பார்க்கிறவருக்கு இரண்டும் ஒன்றே. கைப்பேசி பிடிக்கிறவருக்கு அப்படி இல்லை. 720 வரித் தெளிவில் விநாடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால், ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி டேட்டா. கைப்பேசியே மூன்று தளங்களுக்கும் அனுப்பினால் அது 5.4 ஜிபி. நான்கு மணி நேர ஊர்வலத்தில் 7.2 எங்கே, 21.6 எங்கே! டேட்டாச் செலவையாவது கோயில் ஏற்றுக்கொள்ளும். பதிவேற்ற வேகத்தை யார் கொடுப்பது? மூன்று தனி ஓட்டத்துக்கு விநாடிக்கு 12 மெகாபிட் இடையறாமல் மேலே போக வேண்டும்.

குவாத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்கு வந்தவர்களுக்குத் தெரியும்: காவடி அன்று அடிவாரத்தில் நிற்கிற கூட்டத்தில் ஆளுக்கொரு கைப்பேசி, எல்லாம் ஒரே கைப்பேசி அலைக்கோபுரத்தைப் பிடித்துத் தொங்குகின்றன. எங்கள் பெண் கைப்பேசியிலிருந்தே மூன்றுக்கும் அனுப்பியபடி படியேறினாள். தை மாத வெயில், மேலே மழைக்காக மாட்டிய பிளாஸ்டிக் உறை. கைப்பேசி தொட முடியாத அளவுக்குச் சூடாகி, திரை தானாக மங்கியது. சந்நிதியில் பால்குடம் சாய்க்கிற நேரத்தில் மூன்று தளங்களிலும் படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றது. குடம் சுமந்தவரின் தாயார் ரெயூனியனில் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது வழியில் போயிருந்தால் மூன்றில் ஒரு பங்கு வேகம் போதும். அந்த வழிக்கும் குறை இல்லாமல் இல்லை: நடுவழங்கிக்குப் போகும் ஒற்றை ஓட்டம் அறுந்தால் எல்லாத் தளமும் ஒன்றாக நின்றுவிடும், இலவசக் கணக்கில் எத்தனை தளம் என்பதற்கு வரம்பும் உண்டு. ஆனால் எந்த வழி என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். ‘எப்படிப் பிரிக்கப்போகிறாய்?’ என்று கேட்க என்னிடம் சொல் இல்லை. எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். அதிலும் இதற்குச் சொல் இல்லை.

ஆகவே என் பரிந்துரை.

முழுச் செயலுக்கும் பன்முனை நேரலை. ‘மும்முனைப் போட்டி’, ‘மும்முனை மின்சாரம்’ என்று ஏற்கெனவே பழகிய அமைப்பு. எழுத்துக்கூட்டி வாசிக்கிற எங்கள் மாணவர்களும் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறார்கள். தர்பன் தங்கை நேற்று எழுப்பிய கேள்வி நியாயமானது: பல்தளத்தில் இருக்கிற குழப்பம் இதிலும் இல்லையா, பல முனைகளிலிருந்து வருவது என்று பொருள்பட்டால்? தொலைபேசியில் ‘மறுமுனையில் யார்?’ என்றுதான் கேட்கிறோம் அல்லவா. பேசும்போது முனை என்றாலே நம் காது கேட்கிறவர் பக்கம் போகிறது. பல இடங்களிலிருந்து படம் வருவதற்குத் தனியாக ‘பலவிட நேரலை’ என்று வைத்துவிட்டால் இரண்டும் மோதிக்கொள்ளாது.

கைப்பேசியிலேயே பிரிவது அடிக்கிளைப்பு. நடுவழங்கியில் பிரிவது இடைக்கிளைப்பு. அடிமரத்திலேயே கிளைவிட்ட மரத்தையும், உயர்ந்து வளர்ந்த பிறகு கிளைவிட்ட மரத்தையும் பார்த்தவருக்கு விளக்கவே வேண்டாம். பிரித்துத் தரும் சேவையைக் ‘கிளைப்பகம்’ எனலாம் என்று தோன்றுகிறது. இதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

இன்னொன்று. நம் கணக்கில் நேரலை அனுப்புவதற்காக ஒவ்வொரு தளமும் தருகிற அந்த நீண்ட எழுத்துச்சரத்துக்கு (stream key) ‘தாரைத் திறவுகோல்’ என்று குழுமத்தின் பழைய சொற்பட்டியலில் போட்டிருக்கிறோம். முனைச்சாவி என்று மாற்றலாம். ஒரு முனைக்கு ஒரு சாவி என்பது சொல்லிலேயே தெரிந்துவிடும். சாவி என்றால் பத்திரமாக வைக்க வேண்டும் என்பதும் தெரியும். திரைப்பிடிப்பு எடுத்து அதை வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வழக்கம் இங்கே பரவியிருக்கிறது. அந்தச் சரம் கிடைத்த எவரும் கோயிலின் இணையப் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் ஒளிபரப்பலாம் என்பதைப் பிள்ளைகள் உணர்வதில்லை.

கையேட்டில் சொற்கள் எப்படி உட்காரும் என்று பார்ப்பதற்காக இரண்டு வரி:

“பன்முனை நேரலையைத் தொடங்கும் முன் பதிவேற்ற வேகத்தைச் சோதிக்கவும். ஒரு முனைக்குத் தேவையான வேகத்தைப்போல் இருமடங்கு கிடைத்தால் இடைக்கிளைப்பில் அனுப்பலாம். அடிக்கிளைப்புக்கு அத்தனை முனைக்கும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.”

“முனைச்சாவியை யாருக்கும் அனுப்பாதீர்கள். வெளியே போயிருந்தால் உடனே புதுச்சாவி உருவாக்குங்கள்.”

காவடிக்கு முன் பத்து நாள் விரதம், அது கொடியேற்றத்தோடு தொடங்கும். கொடியேற்றத்துக்கு முந்திய வாரம் கையேடு அச்சுக்குப் போகிறது. ‘கிளைப்பகம்’ பற்றியும், அடி–இடை என்ற பிரிப்பு அலுவலகத்திலிருந்து நேரலை செய்கிறவர்களுக்கும் ஒத்துவருமா என்பது பற்றியும் அதற்குள் சொன்னீர்களானால் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
குவாத்ர் போர்னிலிருந்து