நகானோ பிராட்வேயில் ஒரு கான்வாய் ரோபோ பொம்மையை உருமாற்றிப் பார்த்த அனுபவம்

பழைய ரோபோ பொம்மையை வாங்கும் முன் அதன் நிலையை எப்படி மதிப்பிடுவது என்பதைப் பற்றி எனக்கு முன்பு இங்கே எழுதிய நண்பர்களில் பலர், பெட்டியின் மூலைகள் மடங்காமல் இருக்கின்றனவா, உள்ளே இருக்கும் தட்டு கிழியாமல் இருக்கிறதா என்பதைக் கொண்டே பொம்மையை மதிப்பிட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். அலமாரியில் அசையாமல் நிற்கும் சிலைக்கு அந்த முறை போதும். ஆனால் உருமாறும் ரோபோ என்பது மூட்டுகளால் ஆன பொருள். அதை ஒரு முறையாவது முழுமையாக உருமாற்றிப் பார்க்காமல் அதன் நிலையை அறிய முடியாது என்பதை நான் பணம் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இணையம் வழியாக, படங்களை மட்டும் நம்பி ஒரு ரோபோவை வாங்கினேன். பெட்டி புதிது போல இருந்தது. இடது காலை மடக்கிய முதல் முறையே முட்டி கழன்று என் கையிலேயே வந்துவிட்டது. உள்ளே, மடிப்புக்குள் மறைந்திருந்த இடத்தில், பழைய பசை மஞ்சளாக உறைந்திருந்தது. ரோபோ வடிவில் நிற்க வைத்து எடுத்த எந்தப் படத்திலும் அது தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை.

அதன் பிறகு பணி நிமித்தமாக டோக்கியோ சென்றபோது, நகானோ ரயில் நிலையத்திலிருந்து கடைத்தெரு வழியாக நகானோ பிராட்வேக்கு நடந்தேன். பழைய பொம்மைகளும் மாங்கா எனப்படும் ஜப்பானியப் படக்கதை நூல்களும் விற்கும் கடைகள் மாடி மாடியாக நிறைந்த கட்டடம் அது. அங்கே ஒரு கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், டிரான்ஸ்ஃபார்மர்ஸ் என்னும் உருமாறும் ரோபோ பொம்மைகளின் மாஸ்டர்பீஸ் வரிசையின் முதல் பொம்மையான எம்.பி.-01 கான்வாய் இரண்டு இருந்தன. லாரியாக உருமாறும், நாம் ஆப்டிமஸ் பிரைம் என்று அறிந்த ரோபோவுக்கு ஜப்பானில் கான்வாய் என்று பெயர். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 1984-இல் தொடங்கியது. அதன் இருபதாம் ஆண்டை ஒட்டி, 2003-இன் இறுதியில் தகாரா நிறுவனம் இதை வெளியிட்டது. ஏறத்தாழ 30 செ.மீ. உயரமும் தாராளமான உலோகப் பாகங்களும் கொண்டதால், கையில் எடுத்தால் எடையே முதலில் தெரியும்.

இரண்டில் ஒன்று ஜப்பானியப் பதிப்பு, பெட்டி நசுங்கியிருந்தது. மற்றொன்று ஹாஸ்ப்ரோ என்னும் பொம்மை நிறுவனம் விற்ற அமெரிக்கப் பதிப்பு, பெட்டி பளிச்சென்று இருந்தது. பெட்டியில் எழுதியிருப்பதைப் படிக்காமலே இவற்றைப் பிரித்தறியலாம்: லாரியின் இருபுறமும் நிமிர்ந்து நிற்கும் புகைக்குழாய்கள் ஜப்பானியப் பதிப்பில் நீளமானவை, அமெரிக்கப் பதிப்பில் பாதுகாப்பு கருதிக் குட்டையாக்கப்பட்டவை. புகைக்குழாய் குட்டையாக இருப்பதைப் பார்த்து, உடைந்துவிட்டது என்று எண்ணி நல்ல பொம்மையை ஒதுக்கியவர்களை நான் அறிவேன்.

அனுமதி கேட்டபோது, கடை ஊழியர் மேசையில் ஒரு துணியை விரித்து இரண்டையும் எடுத்து வைத்தார். அமெரிக்கப் பதிப்பை முதலில் எடுத்தேன். தோள் மூட்டு 'டக், டக்' என்று படிப்படியாக நின்றது. வலது இடுப்பிலோ அந்த ஒலி இல்லை. கால் வழுக்கிக்கொண்டு கீழே போயிற்று. மூட்டைப் படிப்படியாக நிறுத்தும் ராட்செட் என்னும் உள் அமைப்பின் பல் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். உலோகக் காலின் எடையை அந்த இடுப்பு பல ஆண்டுகள் அலமாரியில் தாங்கியிருக்க வேண்டும். பெட்டி மட்டும் எங்கோ தனியே பத்திரமாக இருந்திருக்கிறது.

நசுங்கிய பெட்டிக்காரரைத் தலையை உள்ளே மடித்து, கைகளைப் பக்கவாட்டில் அடக்கி, கால்களைப் பின்னோக்கி நீட்டி மெதுவாக லாரியாக்கினேன். எங்கும் வலிந்து அழுத்த வேண்டியிருக்கவில்லை. கீல்களின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கிறதா என்று விளக்கின் அடியில் திருப்பிப் பார்த்தேன், ஏனெனில் பிளாஸ்டிக் விரிசல் விடுவதற்கு முன் பெரும்பாலும் வெளுத்துக் காட்டும். கோடு இல்லை. உலோக விளிம்புகளில் இரண்டு இடங்களில் வண்ணம் உரிந்திருந்தது. பாகங்கள் ஒன்றோடொன்று உரசும் இடங்கள் என்பதால் அதைக் குறையாக எண்ணவில்லை. திருகுகளின் தலை சிதையாமல் இருந்ததால், யாரும் பிரித்துப் பார்க்கவில்லை என்பதும் தெளிவாயிற்று. மார்புக் கதவைத் திறந்தபோது, கதையில் தலைவர்கள் மார்புக்குள் சுமக்கும் மேட்ரிக்ஸ் என்னும் பொருள் உள்ளேயே இருந்தது. எளிதில் தொலைந்துபோகும் சிறு பாகம் அது. அதைக் கண்டதும் எனக்கு உண்மையாகவே மனம் நிறைந்தது.

இதே வார்ப்பில் வெள்ளை நிறத்தில் வந்த அல்ட்ரா மேக்னஸ் என்னும் ரோபோவை வாங்க எண்ணும் நண்பர்கள், மூட்டுகளோடு நிறத்தையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் படிந்திருந்தால், வெளியே தெரியும் பாகத்தையும் மடிப்புக்குள் மறைந்திருக்கும் பாகத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தாலே வேறுபாடு தெரிந்துவிடும். அதற்கும் உருமாற்றித்தான் ஆக வேண்டும்.

நான் நசுங்கிய பெட்டியையே வாங்கிவந்தேன். அமெரிக்கப் பதிப்பின் இடுப்பைப் பற்றி ஊழியரிடம் சொன்னபோது, அவர் தாமும் ஒரு முறை காலை அசைத்துப் பார்த்துவிட்டு, அதன் விலைச் சீட்டில் இன்னொரு வரியை எழுதி ஒட்டினார்.