மறு: 'பிரீஃப்' – சுருக்கமா, குறிப்பா, வேண்டுரையா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு, வணக்கம்.

ஓவியம், வடிவமைப்பு சார்ந்த நம் கலைச்சொல் பட்டியலில் 'பிரீஃப்' (தனக்கு என்ன வேலை, எப்படி வேண்டும் என்று வாடிக்கையாளர் கலைஞரிடம் சொல்வது) என்பதற்கு எதிரே இன்னும் வெற்றிடம்தான் இருக்கிறது. பணிச்சுருக்கம், பணிக்குறிப்பு, தேவைப்பட்டியல் என்று மூன்று பரிந்துரைகள் வந்திருக்கின்றன. மூன்றும் எனக்கு ஏன் ஒப்பவில்லை என்பதையும் நான் முன்வைக்கும் சொல்லையும் எழுதுகிறேன். மடல் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> பிரீஃப் என்றாலே சுருக்கம்தானே? 'பணிச்சுருக்கம்' என்று வைத்துவிட்டால் முடிந்தது.

இலத்தீனில் 'பிரேவிஸ்' என்றால் குறுகியது என்பது உண்மைதான். அதே வேரில் பிறந்த சொல் ஜெர்மனில் கடிதத்தைக் குறிக்கிறது. ஆங்கில நீதிமன்றத்தில் வழக்கறிஞர் கையிலிருக்கும் கட்டுக்கும் அதே பெயர்; கட்டு எவ்வளவு தடித்தாலும் பெயர் மாறுவதில்லை. வேரின் பொருளை அந்த மொழிகளே உதறி நாளாயிற்று, நாம் ஏன் சுமக்க வேண்டும்? தவிர, சுருக்கம் என்றால் எங்கோ ஒரு முழு வடிவம் இருந்தாக வேண்டும். வாடிக்கையாளர் அனுப்பும் இரண்டு பத்திகளுக்குப் பின்னால் அப்படி எதுவும் இருப்பதில்லை. தன் மனத்திலேயே இன்னும் உருத்திரளாத ஒன்றைத்தான் அவர் கேட்கிறார். அதை உருத்திரட்டுவதே நம் முதல் வேலை.

'பணிக்குறிப்பு' காதுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் பணிமூப்பு, பணிப்பதிவேடு, பணிநிறைவு என்று 'பணி' உத்தியோகத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. பணிக்குறிப்பு என்றதும் ஓர் ஊழியரைப் பற்றிய குறிப்பு என்றே படிப்பவர் எடுத்துக்கொள்வார். 'தேவைப்பட்டியல்' மென்பொருள்காரர்களுக்கு ஏற்கெனவே வேண்டிய சொல், அவர்களிடமே இருக்கட்டும்.

சொல்லை முடிவு செய்யுமுன் பொருளை ஒருமுறை அருகில் வைத்துப் பார்ப்போம். இப்படி ஒரு மின்னஞ்சல் வருகிறது என்று கொள்ளுங்கள்:

"சிறுவர் அறிவியல் நூலுக்கு அட்டைப்படம் வேண்டும். ஏ4 அளவு. நவீனமாக, பளிச்சென்று, எளிமையாக இருக்க வேண்டும். கோள்கள், ராக்கெட், விண்வெளி வீராங்கனை, தொலைநோக்கி எல்லாம் வர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் கிடைத்தால் நல்லது."

படித்தவுடன் பென்சிலை எடுக்கத் தோன்றும். அங்கேதான் பலர் வாரக்கணக்கில் இழக்கிறார்கள். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திப் பாருங்கள்.

'சிறுவர்' என்றால் யார்? ஐந்து வயதுக் குழந்தைக்கும் பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கும் ஒரே கோடு ஒத்துவராது. வாசிப்பவர் பிள்ளை, காசு கொடுத்து வாங்குபவர் பெற்றோர். அட்டை முதலில் யாரிடம் பேச வேண்டும்? 'எளிமையாக' என்று சொன்ன அதே கை நான்கு பொருள்களை அடுக்குகிறது. இரண்டும் ஒன்றோடொன்று மோதுகின்றன. எது முதன்மை, எது பின்னணிக்குப் போகலாம் என்று கேட்காமல் வரைந்தால், "நல்லாத்தான் இருக்கு, ஆனா கொஞ்சம் நெரிசலா இருக்கே" என்று பதில் வரும். 'பளிச்சென்று' என்பது இன்னொரு கண்ணி. திரையில் மின்னும் பச்சையையும் நீலத்தையும் நான்கு வண்ண அச்சு அப்படியே தராது. அவர் மனத்தில் இருப்பது வண்ணத்தின் பளிச்சா, தொலைவிலிருந்து பார்த்தாலும் தெரியும் தெளிவா என்று பிரித்துக் கேட்க வேண்டும்.

'ஏ4' என்பது வெட்டிய பின் அளவு: 210 × 297 மில்லிமீட்டர். சுற்றிலும் வழக்கமான 3 மில்லிமீட்டர் பிளீட் (அச்சான பின் வெட்டிக் கழிக்கும் ஓரம்) சேர்த்தால் 216 × 303. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் ஏறத்தாழ 2551 × 3579 பிக்சல். இது முன்னட்டைக்கு மட்டும். பின்னட்டையும் முதுகும் சேர்ந்த ஒரே படமா என்று மின்னஞ்சலில் இல்லை. சேர்ந்தது என்றால் முதுகின் அகலம் தெரிய வேண்டும்; அது பக்க எண்ணிக்கையையும் தாளின் தடிமனையும் பொறுத்தது. தலைப்பு எங்கே வரும், எத்தனை வரி? பார்கோடுக்கு இடம்? வெள்ளிக்கிழமை கேட்பது முன்வரைவா, அச்சுக்குப் போகும் கோப்பா?

எழுதப்படாத இடங்களில் பெரியது உரிமை. இந்தப் படம் அட்டையில் மட்டுமா, சுவரொட்டியிலும் வருமா? எந்த நாடுகளில், எத்தனை ஆண்டுகள்? கட்டணம் நின்று ஆடுவது இந்தக் கேள்விகளின் மேல்தான். வாடிக்கையாளர் இதை மறைக்கிறார் என்பதல்ல. பெரும்பாலும் அவருக்கு அது தோன்றியே இருக்காது.

நாம் பெயர் தேடும் தாள் இதுதான்: பாதி சொன்னது, பாதி சொல்லாதது, நடுநடுவே தன்னோடு தானே முரண்படுவது. அதன் அடிப்படை வினை கேட்பது. எந்தச் சுருக்கமும் குறிப்பும் கேட்பதில்லை.

ஒரு நூலை எந்தெந்தக் கேள்விகளோடு அணுக வேண்டும் என்பதற்கு நம்மிடம் பழைய கணக்கு ஒன்று உண்டு. நன்னூல் சிறப்புப் பாயிரத்துக்கு (நூலின் முன்னே நிற்கும் அறிமுகவுரைக்கு) எட்டுச் செய்திகள் சொல்கிறது: ஆக்கியோன் பெயர், வழி, எல்லை, நூற்பெயர், யாப்பு, நுதலிய பொருள், கேட்போர், பயன். காலம், களம், காரணம் என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்வோரும் உண்டு என்கிறது. மேலே உள்ள மின்னஞ்சலுக்கு இவற்றைப் பொருத்திப் பாருங்கள். கேட்போரும் பயனும் அப்படியே நிற்கின்றன. வழி என்பது இன்று நாம் கேட்கும் முன்மாதிரிப் படங்கள், அதே வரிசையில் வந்த முந்தைய அட்டைகள். எல்லை என்பது நூல் வழங்கும் நிலம். உரிமைப் பேச்சில் 'எந்த நாடுகள்' என்ற கேள்வியே அது. களம் நூல் அரங்கேறிய அவை. நமக்கு அது, ஒப்புதல் தருபவர் யார் என்ற கேள்வி. மின்னஞ்சல் எழுதியவரா, அவருடைய மேலாளரா, ஐந்து பேர் கொண்ட குழுவா? இந்த ஒன்றை முதலில் கேட்டுவிட்டால் திருத்தச் சுற்றுகளில் பாதி குறையும் என்பது என் அனுபவம்.

அதைவிட எனக்குப் பிடித்தது நன்னூலின் சொந்தப் பாயிரம். அரும்பொருள் ஐந்தையும் (எழுத்து, சொல், பொருள், யாப்பு, அணி) யாவரும் உணரும்படி தொகை, வகை, விரியாக, அதாவது தொகுத்தும் வகுத்தும் விரித்தும், 'தருக' என்று சீயகங்கன் என்ற குறுநில மன்னன் கேட்டதால் பவணந்தி முனிவர் இயற்றினார் என்கிறது அது. பரப்பு ஐந்து, வாசகர் யாவரும், வடிவம் தொகை வகை விரி. ஒரு நல்ல பிரீஃபில் இருக்க வேண்டிய மூன்றும் ஒரே வாக்கியத்துக்குள் இருக்கின்றன. (நம் கைக்குக் கிடைத்திருப்பவை எழுத்தும் சொல்லும் மட்டும்.)

அதில் வரும் 'தருக' என்ற சொல்லைக் கவனியுங்கள். ஈ, தா, கொடு மூன்றும் முறையே தாழ்ந்தோன், ஒப்போன், உயர்ந்தோன் கேட்கும் சொற்கள் என்று அதே நன்னூல் இலக்கணம் சொல்கிறது. 'தருக' என்பது 'தா'வின் வடிவம். ஆள்பவன் புலவனிடம் கேட்கும்போது ஒப்போன் சொல் வந்திருக்கிறது. வாடிக்கையாளருக்கும் கலைஞருக்கும் இடையே இருக்க வேண்டிய உறவும் அதுதான். ஆகவே ஆணை, பணிப்பு, கட்டளை என்ற திசையும் வேண்டாம்; விண்ணப்பம், கோரிக்கை, மனு என்ற திசையும் வேண்டாம்.

என் பரிந்துரை: வேண்டுரை. 'இப்படி வேண்டும்' என்று சொல்லும் உரை. மேலே உள்ள மின்னஞ்சலில் ஒவ்வொரு வரியும் 'வேண்டும்' என்றுதான் முடிய முயல்கிறது. வாய்ச்சொல்லாக வந்தாலும் எழுத்தாக வந்தாலும் 'உரை' பொருந்தும். தொலைபேசியில் வரும் பிரீஃபைக் 'குறிப்பு' என்று சொல்ல நாக்கு கூசும்.

கூட்டுச்சொல்லாகவும் நன்றாக வளைகிறது: வேண்டுரை ஆய்வு, வேண்டுரைப் படிவம், வாய்மொழி வேண்டுரை. விளம்பரத் துறையில் இதற்கு இரண்டு நிலை உண்டு. வாடிக்கையாளர் தருவது ஒன்று, அதை அலசி நிறுவனத்துக்குள் ஓவியருக்கும் எழுத்தாளருக்கும் எழுதித் தருவது மற்றொன்று. 1960களின் இறுதியில் லண்டனில் 'அக்கவுன்ட் பிளானிங்' (நுகர்வோரை ஆராய்ந்து விளம்பரத்துக்கு வழிகாட்டும் பணி) தோன்றிய பிறகு இரண்டாவது தனிக்கலையாகவே வளர்ந்தது. வாடிக்கையாளர் வேண்டுரை, படைப்பு வேண்டுரை என்று பிரித்தால் குழப்பமில்லை.

நண்பர்கள் தயங்காமல் குறை சொல்ல வேண்டுகிறேன்.

அன்புடன்.

---

அன்புள்ள தம்பிக்கு,

சீயகங்கனை இங்கே கொண்டுவந்து நிறுத்தியது மனநிறைவாக இருந்தது. ஆனால் எனக்கு இரண்டு தயக்கம்.

ஒன்று, 'வேண்டுரை' என்றதும் பலருக்கு வேண்டுகோளும் வேண்டுதலும்தான் நினைவுக்கு வரும். ஒப்போன் சொல் வேண்டும் என்று வாதிட்டுவிட்டு, கைகூப்புகிற சொல்லைத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். பாயிரத்தின் பழம்பெயர்களில் 'நூன்முகம்' ஒன்று. அதைப் பின்பற்றிப் 'பணிமுகம்' என்று வைத்தால் என்ன? சுருக்கமாகவும் இருக்கிறது, மரபோடும் ஒட்டுகிறது.

இரண்டு, நீங்கள் அந்த மின்னஞ்சலைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்தீர்களே, அந்தச் செயலுக்கு உரையாசிரியர் மரபில் 'கண்ணழித்தல்' என்று பெயர் உண்டு. 'ஆய்வு' என்ற பொதுச்சொல்லை எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டே போகிறோம். பழைய சொல் ஒன்று சும்மா கிடக்கும்போது ஏன் எடுத்து ஆளக்கூடாது?

ஆசிகளுடன்.

---

அன்புள்ள அம்மா,

நீங்கள் படித்துப் பதில் எழுதியதே எனக்குப் பெரிய ஊக்கம்.

'வேண்டு' பற்றிய உங்கள் தயக்கம் சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. ஆனாலும் அந்த வினையின் அடிப்படை இரப்பதல்ல, விரும்புவதும் தேவைப்படுவதும்தான். 'எனக்கு இது வேண்டும்', 'வேண்டிய அளவு எடுத்துக்கொள்', 'அவர் எனக்கு வேண்டியவர்' என்பவற்றில் எதிலும் கைகூப்பல் இல்லை. கைகூப்பலைக் கொண்டுவருவது 'கோள்', 'தல்' என்ற ஈறுகளோடு சேர்ந்து நிலைத்துவிட்ட வழக்கு. 'உரை'யோடு சேரும்போது அந்த வாடை வராது என்றே நம்புகிறேன்.

'பணிமுகம்' அழகான சொல். இரண்டு நாளாக வாயில் போட்டுப் பார்த்தேன். கேட்பவர் 'பணி முகாம்' என்று கேட்டுவிடுகிறார், அதுதான் இடர். எழுத்தில் இலக்கியம் படித்தவர்களுக்கு முருகனின் ஊர்தியான பிணிமுகம் வேறு குறுக்கே வரும். இன்னொன்று, முகம் என்றால் அது வேலையின் ஒரு பகுதி என்றாகிறது. பாயிரத்தை நூல் செய்பவர் பக்கத்திலிருந்து எழுதுகிறார்கள், நூல் முடிந்த பிறகும் எழுதுகிறார்கள். பிரீஃப் வேலைக்கு வெளியே, கேட்பவர் பக்கத்திலிருந்து, முன்னதாக வருவது. அதனால்தான் பாயிரத்தின் கேள்விகளை எடுத்துக்கொண்டு பெயரை விட்டுவிட்டேன்.

'கண்ணழித்தல்' என்று படித்ததும் துள்ளினேன். பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் இன்று அதைக் கேட்கும் ஒருவருக்குக் கண்ணை அழிப்பது என்றே படும், அதுவும் கண்ணை நம்பிப் பிழைக்கும் ஓவியர்களிடம். மாணவருக்கு ஒவ்வொரு முறையும் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் சொல் பட்டியலில் தூங்கும், புழக்கத்துக்கு வராது.

உங்கள் மடல்தான் எனக்கு வேறொன்றை நினைவூட்டியது: காண்டிகை. கருத்து, பதப்பொருள், காட்டு, இவற்றோடு வினாவிடை சேர்ந்து சூத்திரத்தின் உட்பொருளை விளக்குவது காண்டிகையுரை. வேண்டுரை வந்ததும் நல்ல கலைஞர்கள் உடனே வரையாமல் ஒரு பக்கம் எழுதித் திருப்பி அனுப்புவார்கள், 'ரிவர்ஸ் பிரீஃப்' என்கிறார்களே, அது. அதில் என்ன இருக்கிறது? நான் புரிந்துகொண்டது இது: கருத்து. 'நவீனம்' என்று நீங்கள் சொன்னதை நான் இப்படி எடுத்துக்கொள்கிறேன்: பதப்பொருள். இதோ இந்த மூன்று படங்களைப் போலவா: காட்டு. முதுகு உண்டா, ஒப்புதல் யாருடையது, வெள்ளிக்கிழமை எது வேண்டும்: வினா. அவர் எழுதுவது விடை. ஐந்தும் இம்மி பிசகாமல் உட்காருகின்றன. இந்தத் தாள் இருதரப்பும் ஒப்பிய பிறகு பின்னாளில் "நான் கேட்டது இது இல்லையே" என்ற பேச்சு எழுந்தால் எடுத்துக் காட்டவும் உதவும்.

காண்டிகையும் பழஞ்சொல்தானே, அது மட்டும் புரியுமா என்று கேட்பீர்கள். புரியாதுதான். ஆனால் தவறாகப் புரியாது. கண்ணழித்தலுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு அதுவே. 'காண்' என்ற ஒலி முன்னே நிற்பதும் ஓவியத் துறைக்கு இசைவாக இருக்கிறது.

ஆகவே பட்டியலில் இப்படிச் சேர்க்கலாமா? பிரீஃப் – வேண்டுரை. பிரீஃபை அலசும் செயல் – வேண்டுரை ஆய்தல். வினையாகவே இருக்கட்டும், தனிப் பெயர் தேவையில்லை. ரிவர்ஸ் பிரீஃப் – காண்டிகை. பணிக்குறிப்பை மாற்றுச்சொல்லாக அடைப்புக்குள் வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஏற்கெனவே சிலர் அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கிறார்கள்.

ஞாயிறு வரை மறுப்புகளுக்குக் காத்திருக்கிறேன். அடுத்து 'கில் ஃபீ': பாதியில் கைவிடப்பட்ட வேலைக்குத் தரும் கட்டணம். 'கைவிடு கட்டணம்' என்பது வரைவு. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன்.

அன்புடன்.